குட்டுப் பயிரின் மலரும் மணியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் தோட்டக் குழுவின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

இவ்விழாவில் இலக்கியம் பற்றிப் பேச அறிஞர் பலர் வந்திருக்கின்றனர். எங்களையோ செயலாளர் அவர்கள், குடியிருப்பின் பின்புறத்துச் சிறு நிலத்தில் யாங்கள் பயிரிட்ட குட்டுவைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு பணித்தார்கள். குட்டு என்றவுடன் முன்வரிசைப் பிள்ளைகள் தலையைத் தடவிக்கொள்வது தெரிகின்றது. அஞ்சவேண்டா. இது கணக்கு ஆசிரியர் தரும் குட்டு அன்று. நவராத்திரியில் வடநாட்டார் உண்ணும் மாவு; ஆங்கிலத்தில் பக்வீட் எனப்படுவது. ஆயினும் இப்பயிர் எங்களுக்கும் ஒரு குட்டு வைத்தது. அதனை மறைக்காமல் சொல்லவே வந்துள்ளோம்.

2022 ஆம் ஆண்டு நவராத்திரியில் நம் வீடு ஒன்றில் கொலு வைத்திருந்தனர். எதிர்வீட்டு அம்மையார் வந்து பொம்மைகளைக் கண்டு மகிழ்ந்தார். புறப்படும்போது சுண்டல் கொடுத்தோம். அவர் கைகூப்பி, "ஒன்பது நாளும் விரதம், தானியமும் பருப்பும் உண்பதில்லை, குட்டு மாவில் செய்த பூரிதான் உணவு" என்றார். அவர் சென்றதும் ஒரு சிறுமி கேட்டாள்: "தாத்தா, கோதுமை கூடாது என்றால் குட்டு மட்டும் எப்படிக் கூடும்? அதுவும் தானியந்தானே?" முப்பது ஆண்டுகளாக இந்நகரில் வாழ்ந்தும் அவ்வினாவிற்கு எங்களால் விடை கூற முடியவில்லை. அன்று தொடங்கியதே இவ்வாராய்ச்சி.

விடை எளிது. நெல், கோதுமை, கேழ்வரகு ஆகியவை புல்லினத்தைச் சேர்ந்தவை. குட்டு புல்லன்று. அகன்ற இலையும் செந்நிறத் தண்டும் உடைய சிறு செடி. நாம் உண்ணும் சுக்கான் கீரையின் குடும்பத்தது. அதன் விதை முக்கோண வடிவினது; கருமையோ பழுப்போ படர்ந்த தோலினது. அதனை அரைத்தால் மாவாகும். வடநாட்டு மரபு அதனைத் தானியமாகக் கருதாமல் விரத உணவாக ஏற்றுக்கொண்டது. சப்பானியர் இதைக்கொண்டு சோபா என்னும் இழையுணவு செய்கின்றனர். உருசியர் கஞ்சியாகச் சமைக்கின்றனர். பிரான்சு நாட்டின் பிரித்தானி மக்கள் நம் தோசைபோல் வார்க்கின்றனர். இத்தனை நாட்டாரையும் ஊட்டும் இப்பயிரின் பிறப்பிடம் தென்மேற்குச் சீனத்து மலைநாடு என்பது அறிஞர் முடிவு.

ஏட்டறிவோடு நிற்க மனமில்லாமல், 2023 செப்டம்பர் இறுதியில் எங்களில் நான்கு குடும்பத்தினர் இமாசலப் பிரதேசத்துக் கின்னௌர் சென்றோம். அவ்வாண்டு மழையில் அந்நாடு பட்ட துயரை யாவரும் அறிவீர்கள். பாதை சீரானபின் சென்றோம். சாங்லாப் பள்ளத்தாக்கில் படிப்படியாக அமைந்த வயல்களில் குட்டு பூத்திருந்தது. அங்கே அதற்கு ஓக்லா என்று பெயர். வெண்மையும் இளஞ்சிவப்புமாய் மலைச்சரிவு முழுவதும் மலர்ந்து கிடந்த காட்சியைக் கண்டு, "இவ்வாண்டு நல்ல விளைச்சல்!" என்று வியந்தோம். வயலில் நின்ற மூதாட்டியார் நகைத்தார். பூவைக் கொண்டு விளைச்சலை அளக்கக் கூடாது என்றும், வயல் முழுதும் பூத்த ஆண்டிலேயே குதிர் வெறுமையாய்க் கிடந்ததும் உண்டு என்றும் அவர் கூறியதைப் பெயரர் இந்தியில் எடுத்துரைத்தார். விடைபெறும்போது இரண்டு படி விதையும் அளித்தார். அவர் சொல்லின் பொருள் எங்களுக்கு அன்று முழுதும் விளங்கவில்லை.

விதை கையில் வந்தபின் பொறுமை ஏது? 2024 மார்ச்சுத் தொடக்கத்தில் விதைத்தோம். ஒரு வாரத்துக்குள் முளைத்தது. செழிக்கவேண்டும் என்ற ஆசையால் எருவும் யூரியாவும் தாராளமாக இட்டோம். செடி இடுப்பளவு வளர்ந்தது. ஐந்து வாரத்தில் பூக்கத் தொடங்கியது. சித்திரை முழுவதும் வெண்மலர்க் கொத்துகள். குடியிருப்பினர் வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டனர். பொருளாளர் அவர்கள் மாவு எத்தனை கிலோ கிடைக்கும் என்று கணக்கும் எழுதினார்கள். வைகாசி வந்தது. அவ்வாண்டு வைகாசியில் தில்லி எவ்வாறு கொதித்தது என்பதை நாம் மறக்கமுடியாது. லூ என்னும் அனற்காற்று வீசியது. மிகத் தழைத்த செடிகள் சாய்ந்து படுத்தன. பூக்கள் காம்பிலேயே கருகின. அறுத்துத் தட்டிப் பார்த்தபோது உள்ளீடற்ற தோலும் தூசியுமே கிடைத்தன. இரண்டு படி விதையில் ஒரு படியை இட்டு, ஒரு பிடியும் திரும்பப் பெறவில்லை. இதுவே எங்கள் தலையில் விழுந்த குட்டு.

தோல்வி நல்லாசான். பூ மணியாவதற்கு இடையே நிற்பவை யாவை என்று ஒவ்வொன்றாகக் கற்றோம். அவற்றை ஈண்டு சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, மலரின் அமைப்பு. குட்டு மலர் மிகச் சிறியது. ஐந்து இதழ்கள், எட்டு மகரந்தத் தாள்கள், அவற்றிடையே எட்டுத் தேன்சுரப்பிகள், நடுவில் முக்கோணச் சூலகம், அதன்மேல் மூன்று சூல்தண்டுகள். ஒரு மலர் ஒரு நாளே விரிந்திருக்கும். ஒரு மலருக்கு ஒரே விதை. ஆனால் எல்லாச் செடியிலும் மலர் ஒன்றுபோல் இராது. சில செடிகளின் மலர்களில் சூல்தண்டு நெடியது. மகரந்தத் தாள் குறியது. வேறு சில செடிகளில் சூல்தண்டு குறியது. மகரந்தத் தாள் நெடியது. வயலில் இவ்விரு வகைச் செடிகளும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி இருக்கும். நெடுந்தண்டு மலரின் மகரந்தம் குறுந்தண்டு மலரைச் சேர்ந்தால்தான் விதை உண்டாகும். குறுந்தண்டு மலரின் மகரந்தம் நெடுந்தண்டு மலரையே நாடவேண்டும். தன் மகரந்தம் தனக்கு உதவாது. தன் வகைச் செடியின் மகரந்தமும் உதவாது. இத்தகைய ஈருருவ மலர்களைப் பற்றிச் சார்லசு டார்வின் 1877 இல் ஒரு தனி நூலே வெளியிட்டார். அதில் குட்டுவும் இடம்பெற்றுள்ளது.

இரண்டாவது, தூது செல்வோர். நெல்லுக்கும் கோதுமைக்கும் இத்தூது வேண்டா. குட்டுவிற்கோ தேனீயும் பிற பூச்சிகளுமே தூதர். மலர் காலையில் விரிந்து தேன் சுரக்கும். தேனீக்கள் பெரும்பாலும் முற்பகலிலேயே வந்துபோகும். அந்தச் சில மணி நேரத்தில் தூதர் வாராவிடின் அன்றைய மலர் வீண். ஆதலின்தான் இப்பயிரை மிகுதியாக விளைக்கும் நாடுகளில், பூக்கும் பருவத்தில் வயலருகே எக்டேருக்கு இரண்டு மூன்று தேனீப்பெட்டிகள் வைக்கச் சொல்வர். அதனால் கிடைக்கும் கருநிறத் தேன் தனி ஊதியம். எங்கள் முதற் பயிரில் நடந்தது யாது? பக்கத்து ரோசாப் பாத்தியில் அசுவினி கண்டது என்று நாங்களே பூச்சிமருந்து தெளித்தோம். விருந்துக்கு அழைத்துவிட்டு வாயிலை அடைத்தவர்போல் ஆனோம்.

மூன்றாவது, வெப்பம். குட்டு குளிர்ச்சியை விரும்பும் பயிர். ஆனால் உறைபனியைத் தாங்காது. மிதமான வெயிலும் தண்ணிய இரவும் அதற்கு ஏற்றவை. பூக்கும் காலத்தில் வெப்பநிலை 30 டிகிரி சென்டிகிரேடைக் கடந்து, வறண்ட காற்றும் வீசினால், மலர் வாடி உதிரும். மகரந்தம் சேர்ந்த பின்னரும் ஆபத்து நீங்காது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 18 டிகிரியிலும் 25 டிகிரியிலும் செடிகளை வளர்த்து ஆராய்ந்து 2001 இல் முடிவுகளை வெளியிட்டனர். 25 டிகிரியில் வளர்ந்தவற்றில் இளமணிகள் பல இடையிலேயே சிதைந்தன. முதிர்ந்த மணிகள் குறைந்தன. 25 டிகிரியே மிகுதி என்றால், 45 டிகிரியை எட்டும் தில்லி வெயிலில் நாம் என்ன எதிர்பார்த்தோம்!

நான்காவது, நீரும் நிலமும். குட்டுவின் வேர் ஆழம் செல்வதன்று. பூக்கும் நாளில் நீர் குறைந்தால் நண்பகலில் இலை தொங்கும், விதை பிடிக்காது. நீர் தேங்கினாலோ வேர் மூச்சுத் திணறும். வளமற்ற நிலத்திலும், புளிப்பு மண்ணிலும்கூட மணிச்சத்தைத் தேடி எடுக்கும் திறன் அதற்கு உண்டு. ஆனால் தழைச்சத்தை மிகுதியாகப் பெய்தால் இலையும் தண்டும் கொழுக்கும், செடி சாயும், மணி குறையும். பிள்ளைக்கு அளவுக்கு மீறி ஊட்டும் தாயன்பு போன்றது எங்கள் யூரியா.

ஐந்தாவது, பகலின் நீளம். குட்டு பொதுவாகப் பகல் குறுகும்போது விரைந்து பூத்து முடிக்க முயலும். பகல் நீண்டால் தழைப்பதையும் பூப்பதையும் நீட்டித்துக்கொண்டே போகும். சப்பானியர் இதனை நன்கறிந்து, கோடைக்கு ஒரு வகை, இலையுதிர் காலத்துக்கு ஒரு வகை எனப் பிரித்து வைத்துள்ளனர். இலையுதிர் கால வகையைக் கோடையின் தொடக்கத்தில் விதைத்தால் செடி உயரும், பூவும் இருக்கும், மணி மட்டும் குறையும். மலைநாட்டு உழவர் இதனைப் பஞ்சாங்கமாகவே கொண்டுள்ளனர். விதை முதல் அறுவடை வரை பத்து முதல் பன்னிரண்டு வாரம். முதல் உறைபனி எப்போது விழும் என்று கணித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பர். முந்தினால் பூவை வெயில் உண்ணும். பிந்தினால் மணியைப் பனி உண்ணும்.

ஆறாவது, முதிர்ச்சி. நெற்பயிர் ஒருங்கே விளைந்து தலைசாயும். குட்டுவிற்கு அவ்வொழுக்கம் இல்லை. அடியில் மணி கறுத்திருக்கும், நடுவில் பச்சைக் காய், உச்சியில் புதுப்பூ. கடைசிப் பூவும் காய்க்கட்டும் என்று காத்திருந்தால், முதல் மணிகள் மண்ணில் உதிரும். ஆதலின் நான்கில் மூன்று பங்கு மணி கறுத்ததும், பனிநீர் உலராத காலைப்பொழுதில் அறுக்கவேண்டும். ஈரத்தில் உதிர்வு குறையும்.

இத்தனை வாயில்களையும் கடந்து வருவதால், பெரும்பாலான வயல்களில் நூறு மலருக்குப் பத்து முதல் இருபது வரையே மணியாகின்றன. உலகச் சராசரி விளைச்சல் எக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன். நம் நாட்டுக் கோதுமையின் சராசரியோ மூன்றரை டன். மூதாட்டியார் நகைத்தது ஏன் என்பது அப்போதுதான் விளங்கியது.

இனி இரண்டாம் முயற்சி. எஞ்சிய ஒரு படி விதையை 2024 அக்டோபரில், விசயதசமிக்கு மறுநாள் விதைத்தோம். யூரியாவைத் தொடவில்லை, சிறிது மட்கிய எரு மட்டும் இட்டோம். பாத்தியை மேடாக்கி, நீர் தேங்காமல் வழிசெய்தோம். ரோசாச் செடிக்கு மருந்தில்லை. அசுவினியை நீர் பீய்ச்சிக் கழுவினோம். செடி முழங்காலைச் சற்றே கடந்தது, முந்திய பயிரைக் கண்டவர்கள் "இளைத்துவிட்டதே!" என்று இரங்கினர். கார்த்திகையில் பூத்தது. காலைதோறும் தேனீக்கள் மொய்த்தன. முன்பு வினா எழுப்பிய அதே சிறுமி, இப்போது உயர்நிலை வகுப்பினள், இரண்டு வகை மலர்களையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் கண்டு படம் வரைந்தாள். பின் தானாகவே பழைய கொசுவலைத் துணியால் நான்கு செடிகளை மூடிவைத்தாள். அந்நான்கும் மற்றவைபோலவே பூத்தன. ஆயின் அவற்றில் ஓரிரு மணிகளுக்குமேல் காணவில்லை. அருகிலே திறந்து நின்ற செடிகளோ கொத்துக்கொத்தாய்க் கறுத்தன. ஏடுகள் பல கூறியதை அந்தக் கொசுவலை ஒரே பார்வையில் கூறிவிட்டது.

பொங்கலுக்கு முன் அறுத்தோம். ஒரு படி விதைக்கு ஒன்பது படி கிடைத்தது. மலைநாட்டு உழவர் இதனைப் பெரிதாக எண்ணார். எங்களுக்கு அது பெருஞ்செல்வம். அதில் இரண்டு படியை விதைக்கு ஒதுக்கினோம். எஞ்சியதை மணியாகவே காயவைத்துச் சேமித்தோம். ஏனெனில் குட்டு மாவு நெடுநாள் இருப்பின் கெட்டுவிடும். 2025 ஆம் ஆண்டு வேனில் நவராத்திரிக்கு முதல் நாள் அரைத்து, எதிர்வீட்டு அம்மையாருக்குக் கொடுத்தோம். கொலுவில் நம் சுண்டலை ஏற்கமுடியாமல் வருந்திய அவர், நம் நிலத்தில் விளைந்த மாவை இரு கையாலும் பெற்றுக்கொண்டார். மறுநாள் அவர் வீட்டிலிருந்து பூரியும் உருளைக்கிழங்குக் கறியும் வந்தன.

அன்பர்களே! எங்கள் இழப்பு ஒரு படி விதை. அடுத்த நாள் கடைக்குச் சென்று மாவு வாங்க நமக்கு முடியும். ஆனால் மலைச்சரிவில் இரண்டு மூன்று வயலே உடைமையாகக் கொண்ட குடும்பத்திற்கு, பூக்கும் மூன்று வாரத்தில் வீசும் வெப்பக் காற்று ஓர் ஆண்டின் உணவு. கின்னௌரில் முன்பு குட்டு விளைந்த வயல்கள் பல இன்று ஆப்பிள் தோட்டங்களாகி விட்டன. மூதாட்டியாரின் நிலத்திலும் பாதி ஆப்பிளே. அதனைக் குறைகூற நாம் யார்? ஆப்பிள் பணம் தருகின்றது. அப்பணம் பெயரரைப் படிக்கவைக்கின்றது. எனினும் ஓர் உண்மையை நினைக்கவேண்டும். ஆப்பிள் மலருக்கும் தேனீ வேண்டும். இமாசலத்தில் பூக்கும் பருவத்தில் தேனீப்பெட்டிகளை வாடகைக்கு எடுக்கின்றனர். கோடை முடிந்து பிற மலர்கள் குறையும் நாளில் அத்தேனீக்குத் தேன் அளிப்பது குட்டு. ஒன்றை அறவே ஒழித்தால் மற்றொன்றும் இளைக்கும். அங்கே கசப்புக் குட்டு என்ற மற்றொரு வகையும் உண்டு. அதனைப் பாப்ரா என்பர். அது தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், குளிரையும் மிகுதியாகத் தாங்கும், சுவையோ கசப்பு. தூது வேண்டாத செடி தப்பிப் பிழைக்கின்றது. இனிய செடி அடுத்தவர் துணையை எதிர்நோக்கி நிற்கின்றது. வெப்பம் ஏறிவரும் இக்காலத்தில், எந்த வகையை எவ்வுயரத்தில் எந்நாளில் விதைப்பது என்பது மலைநாட்டாரின் வாழ்வுப் பிரச்சினை. நவராத்திரியில் மாவு வாங்கும் ஒவ்வொரு வீடும் அவர்களோடு தொடர்புடையது.

இறுதியாக, எங்கள் நெஞ்சில் பட்டதைக் கூறி அமைவோம். ஆண்டு விழாவில் அரங்கு நிறைகின்றது. ஆடலும் பாடலும் பூத்துக் குலுங்குகின்றன. ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பிலோ இப்போது பதினொரு பிள்ளைகளே அமர்கின்றனர். இன்றைய விழா மலர். அந்தப் பதினொருவரே மணி. மலர் வேண்டா என்று சொல்லமாட்டோம். மலரின்றி மணி ஏது? ஆயினும் எதனை எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதை அந்த மூதாட்டியார் எங்களுக்குக் கற்பித்துவிட்டார்.

விதைக்கென ஒதுக்கிய இரண்டு படியில் ஒரு படி இன்று அரங்கின் வாயிலில் சிறு பொட்டலங்களாக வைக்கப்பட்டிருக்கின்றது. தொட்டியோ, மாடமோ, ஒரு முழ நிலமோ உள்ளவர்கள் எடுத்துச் செல்லுங்கள். ஒரே செடியை வளர்க்காதீர்கள். இருபது செடியாவது அருகருகே நிற்கட்டும். மாசியில் விதைக்காதீர்கள், விசயதசமிவரை பொறுத்திருங்கள். மருந்தைத் தொடாதீர்கள். விளைந்ததைப் பொங்கலுக்கு முன் எங்களிடம் வந்து சொல்லுங்கள். விளையாவிடினும் வந்து சொல்லுங்கள். எங்கள் முதல் ஆண்டுக் கதைக்கு அது துணையாகும்.